ராம்ஸே சொல்லாமல் விட்ட வரி

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முதலாண்டு படிக்கிறேன். வர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' பாடத்தில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் யாரோ எழுதிய கவிதை, யாரோ எழுதிய கதை என்று குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. அடிக்குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் படித்தால் நாவல் நகர மாட்டேன் என்கிறது. பார்க்காமல் படித்தால் எதையோ கோட்டை விட்டதுபோல் இருக்கிறது. அந்தக் காலத்து நாவலாசிரியர்கள் ஏன் இப்படி எழுதினார்கள்? இதையெல்லாம் எப்படிப் படிப்பது?

பதில்:

நாவலின் முதல் பகுதியில் ஒரு பெரிய இரவு விருந்து வருகிறதே, அதன் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பாரம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் எழப்போகும் நேரம். குடும்பத் தலைவர் ராம்ஸே ஏதோ ஒரு கவிதையைச் சொல்லத் தொடங்குகிறார். தோட்டத்துப் பாதையில் ஏறி வரும்படி 'லூரியானா, லூரிலீ' என்று ஒரு பெண்ணை அழைக்கும் பாட்டு அது. திருமதி ராம்ஸே ஜன்னலைப் பார்த்தபடி கேட்கிறாள். சொற்கள் வெளியே தண்ணீரில் மிதக்கும் பூக்கள்போல, யாரும் சொல்லாமல் தாமாகவே உண்டானவைபோல அவளுக்குத் தோன்றுகின்றன. அவற்றின் பொருள் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும், அன்று மாலை முழுக்க வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தபோது தன் மனத்தில் ஓடியதைத்தான் அந்தச் சொற்கள் சொல்வதாக உணர்கிறாள். பிறகு கிழக்கவிஞர் கார்மைக்கேல் எழுந்து, மேசைத் துண்டை நீண்ட வெள்ளை அங்கிபோலப் பிடித்துக்கொண்டு, மீதி வரிகளை ஓதுகிறார். அவள் கடந்து போகையில் தலை வணங்குகிறார். அதுவரை அவளிடம் ஒட்டாமல் இருந்த மனிதர் அவர்.

அந்தப் பாட்டை எழுதியவர் சார்லஸ் எல்ட்டன். நாவலில் அவர் பெயர் இல்லை. நாவல் வந்தது 1927-இல். பாட்டு முதன்முதலாக ஒரு தொகைநூலில் அச்சேறியதோ 1945-இல். ஆக, நாவலை முதலில் படித்த வாசகர் நூலகம் நூலகமாக அலைந்திருந்தாலும் அந்த வரிகளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வுல்ஃப் அதைத் தெரிந்தேதான் வைத்தார் என்று நினைக்கிறேன். வாசகரும் திருமதி ராம்ஸேயின் நிலையில்தான் உட்கார வேண்டும்: பொருள் தெரியாமல், ஓசையில் மட்டும் நனைந்து. நம் வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து திருப்புகழ் சொல்லும்போது, ஒரு சொல்லும் புரியாத வயதில் நாம் கேட்டுக்கொண்டிருந்தோமே, அதுபோல.

அதனால் முதல் வாசிப்பில் அடிக்குறிப்புப் பக்கம் போகவே போகாதீர்கள். வரி வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் வாசிப்பில் 'இது எங்கிருந்து வந்தது' என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: யார் சொல்கிறார், எந்த நேரத்தில், யார் காதில் விழுகிறது, எந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்? மேற்கோளை ஒரு சம்பவமாகப் படிக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. கதவு திறப்பது, கோப்பை உடைவது போல அதுவும் அந்த மனிதருக்கு அந்தக் கணத்தில் நடக்கும் ஒன்று.

ஏன் இப்படி எழுதினார்கள் என்று கேட்டீர்கள். வுல்ஃபைப் பொறுத்தவரை பதில் அவர் வீட்டிலேயே இருக்கிறது. தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் பெரிய அறிஞர். பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் பதிப்பாசிரியர். குழந்தைகளுக்கு வால்டர் ஸ்காட்டின் நாவல்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுவார், கவிதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பார். மகன்கள் கேம்பிரிட்ஜ் போனார்கள். மகள் வர்ஜீனியாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தந்தையின் நூலகமே பல்கலைக்கழகம். தாய் 1895-இல் இறந்தபோது அவருக்கு 13 வயது. ஆங்கிலக் கவிதை அவருக்குப் பாடமாக வந்து சேரவில்லை, அப்பாவின் குரலாக வந்தது. அப்பாமீது அவருக்கு இருந்த அன்பும் கோபமும் அந்த வரிகள்மீதும் படிந்திருந்தன. கதை நடப்பது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் என்றாலும், அதன் கடலும் கலங்கரை விளக்கமும் அவர் சிறுவயதுக் கோடைகளைக் கழித்த கார்ன்வால் கரையைச் சேர்ந்தவை. ராம்ஸே தம்பதியும் அவருடைய பெற்றோரின் சாயலில் எழுந்தவர்கள்தான்.

இப்போது ராம்ஸே அடிக்கடி சொல்லும், ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதைக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1854 அக்டோபர் 25. கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடம். உத்தரவு ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, பிரிட்டிஷ் இலகுரகக் குதிரைப்படை நேராக ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள் பாய்ந்தது. செய்தித்தாளில் அதைப் படித்த டென்னிசன் அதே ஆண்டு டிசம்பரில் கவிதையாக்கினார். 'யாரோ தவறு செய்துவிட்டார்' என்று ஒரு வரி அதில் உண்டு. ஆனால் அந்தத் தவறைக் கவிதை ஆராய்வதில்லை. ஏன் என்று கேட்காமல் சாவின் வாய்க்குள் பாய்ந்த 600 பேரின் பெருமையைத்தான் பாடுகிறது. பள்ளிப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த பாட்டு அது.

ராம்ஸே ஒரு தத்துவப் பேராசிரியர், எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். மனித அறிவை எழுத்து வரிசையாக வைத்தால், தான் 'க்யூ' வரை வந்துவிட்டதாகவும் அடுத்த 'ஆர்' மட்டும் எட்டவில்லை என்றும் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பவர். கோடை விடுமுறையில் தோட்டத்து மேடையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இந்தக் கவிதையைக் கத்துகிறார். நடக்கும்போது அவர் குதிரைமேல் இருக்கிறார், குண்டுமழைக்குள் போய்க்கொண்டிருக்கிறார். படம் வரைந்துகொண்டிருக்கும் லிலி பிரிஸ்கோவின் பலகைமீது மோதுவதுபோல வந்து, கடைசி நொடியில் திரும்பிவிடுகிறார். இன்னொரு முறை லிலியும் நண்பர் பேங்க்ஸும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் கூனிக்குறுகிப் போகிறார். தனக்காக மட்டும் போட்டுக்கொண்ட வேஷத்தில் அடுத்தவர் கண்ணில் பட்டுவிட்ட வெட்கம் அது. அவர் குரலில் அந்த வரி எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்தே, கணவர் உள்ளே நொறுங்கியிருக்கிறார் என்று திருமதி ராம்ஸே தெரிந்துகொள்கிறாள். எழுத்து மாறாத ஒரே வரி ஒருமுறை வீரமாகவும் ஒருமுறை அவமானமாகவும் ஒருமுறை உதவி கேட்கும் குரலாகவும் வருகிறது.

அடிக்குறிப்பு இத்தனையையும் 'டென்னிசன், 1854' என்று முடித்துவிடும். அந்த ஆண்டு முக்கியம்தான். ஆனால் 1927 அதைவிட முக்கியம். முதல் உலகப்போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள். 1916 ஜூலை 1, சோம் நதிக்கரைப் போரின் முதல் நாள் ஒன்றில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்திருந்தார்கள். பிள்ளையை அப்படிப் பறிகொடுத்த வீட்டில் 'யாரோ தவறு செய்துவிட்டார்' என்ற வரியை எந்தக் குரலில் படிப்பது?

வுல்ஃப் இதை விளக்கவில்லை. சத்தமில்லாமல் ஒன்று செய்கிறார். முதல் பகுதியில் ராம்ஸே கத்தும் இன்னொரு வரி, குண்டும் வெடிகுண்டும் புயலாகத் தாக்கின என்பது. பத்து ஆண்டுகள் கடந்து செல்லும் இரண்டாம் பகுதியில், சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி வருகிறது: வெடிகுண்டு வெடித்தது, பிரான்ஸில் இருபது முப்பது இளைஞர்கள் சிதறினார்கள், அவர்களில் ஒருவன் ஆண்ட்ரூ ராம்ஸே. அப்பா தோட்டத்தில் வாய்நிறையச் சொன்ன வெடிகுண்டு மகன்மேல் விழுந்துவிட்டது. கவிதையில் 600 பேருக்கும் சேர்த்து ஒரு புகழ் கிடைத்தது. ஆண்ட்ரூவுக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் இடம். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நான் பலமுறை படித்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தில் மூச்சு நின்றுதான் நகர்கிறது.

க்ரிம் சகோதரர்களின் மீனவன் கதையை எல்லாக் கையேடுகளும் விளக்கிவிடும், சுருக்கமாகச் சொல்கிறேன். மந்திர மீனிடம் மனைவி வீடு கேட்கிறாள், அரண்மனை கேட்கிறாள், அரசனாக வேண்டும் என்கிறாள், கடைசியில் கடவுளாகவே ஆக வேண்டும் என்கிறாள். ஒவ்வொரு முறையும் கடல் கறுக்கிறது. முடிவில் பழைய குடிசையே மிச்சம். மகன் ஜேம்ஸுக்குப் படித்துக் காட்டுபவள் திருமதி ராம்ஸே. அவள் மனமோ பாதிக்குமேல் வேறெங்கோ, யாரை யாருக்குக் கட்டிவைப்பது என்பதில் இருக்கிறது. பேராசைக்கார மனைவி யார் என்று தேர்வில் கேட்பார்கள். ஒரே விடை எழுதாதீர்கள். எல்லோர் வாழ்க்கையையும் தன் விருப்பப்படி அமைக்க நினைப்பவள் அவள். ஆறுதல் வேண்டும், இன்னும் ஆறுதல் வேண்டும் என்று வந்து நிற்பவர் ராம்ஸே. கதை இருவர்மீதும் பொருந்துகிறது.

ஸ்காட் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போதெல்லாம் யாரும் ஸ்காட்டைப் படிப்பதில்லை என்று யாரோ சொன்னது ராம்ஸே மனத்தில் முள்ளாகிவிடுகிறது. நாளை தன்னைப் பற்றியும் இதைத்தானே சொல்வார்கள்! உடனே ஸ்காட்டின் 'த ஆன்டிக்வரி'யை எடுத்து உட்கார்ந்து, ஸ்டீனி என்ற இளைஞன் கடலில் மூழ்கியதும் அவன் தகப்பன் மக்கிள்பேக்கிட்டின் துக்கமும் வரும் இடத்தைப் படிக்கிறார். கண்ணீர் வருகிறது, புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார். அந்த நிமிடங்களில் தன் புகழ்க் கவலை அவருக்குச் சுத்தமாக மறந்துபோகிறது. மகனைக் கடலில் இழந்த தகப்பனுக்காக அழும் இந்த மனிதர் தன் மகனையும் இழக்கப்போகிறார். அது அவருக்குத் தெரியாது, முதல்முறை படிக்கும் நமக்கும் தெரியாது. பிற்பாடு வீடு பாழடைந்து கிடக்கும்போது, பூசணம் பிடித்த ஸ்காட் நாவல்களை வெயிலுக்கு எடுத்து வருபவள் வீடு கூட்டித் துடைக்கும் திருமதி மெக்நாப். அவள் வாயிலும் ஒரு பாட்டு இருக்கிறது: இருபது வருடத்துக்கு முன் ஏதோ மேடையில் பாடப்பட்டது, அவள் முணுமுணுப்பில் பொருள் தேய்ந்துபோனது. அது என்ன பாட்டு என்று நாவல் சொல்வதில்லை. ஆனால் டென்னிசனுக்கும் ஸ்காட்டுக்கும் பக்கத்தில் அதையும் வுல்ஃப் வைத்திருக்கிறார்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய 'மிஸஸ் டாலவே'யையும் சேர்த்துப் படியுங்கள் (1925). 1923 ஜூனில் ஒரு நாள், லண்டன். நாயகி கிளாரிஸா டாலவே புத்தகக்கடை ஜன்னலில் விரித்து வைத்த நூலில் ஷேக்ஸ்பியரின் இரண்டு வரிகளைப் பார்க்கிறாள்: வெயிலின் சூட்டுக்கு இனி அஞ்சாதே, கடுங்குளிரின் சீற்றத்துக்கும் அஞ்சாதே. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் 'சிம்பெலின்' நாடகத்தில் அது இறந்தவருக்காகச் சொல்லப்படும் இரங்கற்பா. அடுத்த வரிகளில் உலக வேலை முடிந்தது, கூலி வாங்கிக்கொண்டு வீடு போய்விட்டாய் என்று வரும். கிளாரிஸாவின் மனத்தில் அந்தப் பகுதி ஓடுவதில்லை. அதே சொற்கள், அன்று பிற்பகல், அவள் வாழ்நாளில் சந்தித்தே இராத செப்டிமஸின் மனத்திலும் வருகின்றன. போரில் மனம் சிதைந்த இளைஞன் அவன். சற்று நேரத்தில் ஜன்னல் வழியே குதித்து இறக்கிறான். இரவு விருந்தில் அவன் சாவுச் செய்தியைக் கேட்ட கிளாரிஸாவுக்கு அந்த வரி மறுபடி வருகிறது. இரண்டு பேருக்கும் நடுவே நாவலில் இருக்கும் மிக உறுதியான கயிறு அந்த ஒரு வரிதான். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: நாடகத்தில் யாருக்காக அந்த இரங்கற்பா சொல்லப்படுகிறதோ அந்த இமோஜன் உண்மையில் சாகவில்லை, மயக்கத்தில் இருக்கிறாள், விழித்து எழுவாள். வுல்ஃப் தன் முதல் திட்டத்தில் செப்டிமஸ் இல்லை என்றும், கிளாரிஸாவே இறப்பதாக நினைத்திருந்ததாகவும் 1928-இல் எழுதிய முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

இந்த நாவலில் ஷேக்ஸ்பியர் எல்லோருக்கும் ஒன்றல்ல. செப்டிமஸ் பிரான்ஸுக்குப் போருக்குப் போனதே ஷேக்ஸ்பியரின் நாடகங்களும், அவற்றைத் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை மிஸ் இசபெல் போலும் நிறைந்த ஓர் இங்கிலாந்தைக் காப்பாற்றத்தான். கிளாரிஸாவின் கணவர் ரிச்சர்டோ, ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளைப் படிப்பது சாவித்துவாரத்தில் காதை வைத்துக் கேட்பதற்குச் சமம், நாகரிகமானவன் அதைச் செய்ய மாட்டான் என்று நினைப்பவர். செப்டிமஸுக்கு வைத்தியம் சொல்லும் சர் வில்லியம் பிராட்ஷாவுக்குப் படிக்கவே நேரம் இருந்ததில்லை. கவிதையை நம்பிப் போனவன் செத்தான். கவிதை பக்கமே போகாதவர்கள் நாட்டை நடத்துகிறார்கள். அந்தக் கோபம் நாவல் முழுக்க அடங்கிய குரலில் ஓடுகிறது.

மேற்கோள் என்பது சொத்தும்தான், யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். இதை ஈ. எம். ஃபார்ஸ்டர்போலக் காட்டியவர் இல்லை. 1910-இல் வந்த 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில் லியனார்ட் பாஸ்ட் என்ற காப்பீட்டுக் கம்பெனி குமாஸ்தா, இருட்டான அடித்தள வீட்டில் உட்கார்ந்து கலை விமர்சகர் ரஸ்கின் வெனிஸ் நகரைப் பற்றி எழுதிய நூலைப் படிக்கிறான். ரஸ்கினின் நீண்ட வாக்கியங்களைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்கிறான். காற்றோட்டமின்மை, இருள் என்று ரஸ்கின் நடையிலேயே தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் கட்டுகிறான். அது ஒருபோதும் ஒட்டாது என்று அவனுக்கே தெரிகிறது. அவனுக்குச் சரியான வாக்கியம், வீடு இருட்டாகவும் புழுக்கமாகவும் இருக்கிறது என்பது மட்டும்தான். ரஸ்கின் படகில் மிதந்தபடி பேசுகிறார். கேட்பவனுக்கு அடுத்த மாத வாடகை நிச்சயமில்லை. வசதியான ஷ்லேகல் சகோதரிகளின் வீட்டில் அவன் புத்தகப் பெயர்களை அடுக்கும்போது அவர்கள் தவித்துப்போகிறார்கள். ஓர் இரவு முழுக்க அவன் காட்டில் நடந்த அனுபவத்தைத்தான் அவர்கள் கேட்க விரும்பினார்கள். கடைசியில் அவன் இதயம் நின்று விழும்போது, பிடித்துக்கொண்ட புத்தக அலமாரி சரிந்து, நூல்கள் அவன்மேல் கொட்டுகின்றன. கொஞ்சம் அதிகப்படியான காட்சி என்று சிலர் சொல்வார்கள். ஆங்கிலப் புத்தகங்களின் வழியாக மேலே ஏற முயன்ற எவருக்கும் அது அதிகப்படியாகத் தோன்றாது என்பது என் எண்ணம்.

ஃபார்ஸ்டரின் 1924 நாவலான 'எ பாசேஜ் டு இந்தியா'வின் பெயரே அமெரிக்கக் கவிஞர் விட்மனிடமிருந்து எடுத்ததுதான். சூயஸ் கால்வாயும் ரயிலும் கடலடித் தந்தியும் உலகை ஒன்றாக்கிவிட்டன என்ற ஆனந்தம் விட்மனுடைய கவிதையில் உண்டு. அந்தத் தலைப்பைப் போட்டுவிட்டு ஃபார்ஸ்டர் எழுதிய நாவலில், இந்திய மருத்துவர் அசீஸும் ஆங்கிலேய ஆசிரியர் ஃபீல்டிங்கும் கடைசியில் நண்பர்களாக முடிவதில்லை. 'இப்போது இல்லை' என்று மண்ணும், 'அங்கே இல்லை' என்று வானமும் மறுக்கின்றன. ஆனால் நடுவே ஓர் இடம்: காய்ச்சலில் படுத்திருக்கும் அசீஸ் உருதுக் கவிஞர் காலிபின் கவிதை ஒன்றைச் சொல்கிறார். அதுவரை நடந்த பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் புரிந்ததுமில்லை. எல்லோரும் அடங்கிக் கேட்கிறார்கள். லூரியானா பாடப்பட்ட அந்த உணவு மேசையும் இந்த அழுக்கு அறையும் எனக்கு எப்போதும் பக்கத்துப் பக்கத்து அறைகளாகவே தோன்றும்.

இனி உங்கள் நாவலின் மூன்றாம் பகுதி. நான் சொல்ல வந்ததற்கெல்லாம் ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

திருமதி ராம்ஸே இறந்துவிட்டாள். பத்தாண்டு தாமதமாக, கிழவராகிவிட்ட ராம்ஸே, ஜேம்ஸையும் மகள் கேமையும் வற்புறுத்திப் படகில் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போகிறார். இப்போது அவர் வாயில் டென்னிசன் இல்லை, வில்லியம் கூப்பர் இருக்கிறார். கூப்பர் சாவதற்கு முந்தைய ஆண்டு, 1799-இல், எழுதிய கவிதை அது. புயலில் கப்பலிலிருந்து கடலில் விழுந்த மாலுமி ஒருவன், தோழர்கள் காப்பாற்ற முடியாமல் போக, நீந்தி நீந்தி மூழ்குகிறான். இறுதியில் கவிஞர் தன்னையும் அவனோடு சேர்த்துக்கொள்கிறார்: நாங்கள் அழிந்தோம், ஒவ்வொருவரும் தனியாக. அதோடு நிற்கவில்லை. ஆனால் நான் அவனைவிடக் கொடிய கடலின் அடியில், அவனைவிட ஆழமான சுழலில், என்று முடிக்கிறார். செத்தவனின் துன்பத்தைவிட என் துன்பம் பெரிது என்ற அந்தக் கடைசித் திருப்பம்தான் ராம்ஸேக்கு வேண்டியது. புறப்படும்முன் காலையில் அவர் முணுமுணுத்ததில் 'தனியாக', 'அழிந்தோம்' என்ற இரண்டு சொற்கள்தான் லிலியின் காதில் விழுகின்றன. அவை அவளுக்கு எங்கெங்கும் எழுதப்பட்ட குறிகளாகிவிடுகின்றன. படகில் மகள் கேம் அதே வரியைத் தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். அப்பாமேல் கோபமாக இருக்கும் பிள்ளையின் உதட்டில் அப்பாவின் வரி! வர்ஜீனியா ஸ்டீஃபன் என்ற மகளின் முழுக் கதையும் எனக்கு அந்த இடத்தில் கேட்கிறது.

பிறகு படகு விளக்கை நெருங்குகிறது. நாம் இப்போது இருக்கும் இந்த இடத்தில்தான் மூன்று பேர் மூழ்கினார்கள் என்று படகுக்காரர் மெக்காலிஸ்டர் சொல்கிறார். ஜேம்ஸும் கேமும் நடுங்குகிறார்கள். கூப்பரின் கடைசி வரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 'ஆனால் நான் அவனைவிடக் கொடிய கடலின் அடியில்' என்று அப்பா இப்போது வெடிக்கப்போகிறார், அதைத் தங்களால் தாங்க முடியாது என்று காத்திருக்கிறார்கள். நாமும் காத்திருக்கிறோம். முழு நாவலும் அவரை மேற்கோள் சொல்லும் மனிதராகத்தானே காட்டியது!

ராம்ஸே 'ஆ' என்று மட்டும் சொல்கிறார். புயல் வந்தால் மனிதர்கள் மூழ்கத்தான் செய்வார்கள் என்பதுபோல. சாண்ட்விச் சுற்றியிருந்த காகிதத்திலிருந்து துணுக்குகளைக் கடலில் உதறுகிறார். ஆழம் என்பது வெறும் தண்ணீர்தான் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. கொஞ்ச நேரம் கழித்து, படகை நேராகச் செலுத்தி வந்த ஜேம்ஸைப் பார்த்து 'நன்றாகச் செய்தாய்' என்கிறார். பையன் பத்து வருடமாகக் காத்திருந்த சொல் அது, எந்தக் கவிஞரிடமிருந்தும் எடுத்ததில்லை.